ஒரு கல்லை நம்பிய நாடு: போட்ஸ்வானாவின் வைரக் காசு, ஒரு நிகழ்வு ஆய்வு

மண்ணுக்கடியில் செல்வம் கிடைத்த ஏழை நாடுகள் அந்தச் செல்வத்தாலேயே சீரழிந்த கதைகள் நிறைய உண்டு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் விதிவிலக்காகச் சொல்லப்படும் நாடு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள போட்ஸ்வானா. அந்தப் பாராட்டில் பெரும்பகுதி நியாயமானதுதான். ஆனால் 2024-க்குப் பிறகு அங்கே நடப்பதைப் பார்க்கும்போது, பாராட்டியவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்த்தார்களோ என்று தோன்றுகிறது. அதனால் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொரு முடிவாக எடுத்துப் பார்க்கிறேன். தலைவர்கள், அதிகாரிகள் பெயர்களை விட்டுவிட்டேன். பெயர் வந்தால் கதை அவர்களைப் பற்றியதாகிவிடும். இங்கே முக்கியம் அவர்கள் எடுத்த முடிவுகள்.

பின்னணி: 1966

1966 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, அந்த நாட்டில் தார் போட்ட சாலை மொத்தம் 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள் 22 பேர். சுமார் 5.8 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி கலஹாரி மணல். மக்கள்தொகை ஆறு லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆட்சி நடந்த தலைமையகமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் இருந்தது. காபரோனி என்ற தலைநகரை விடுதலைக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அவசர அவசரமாகக் கட்டினார்கள்.

பிழைப்பு என்றால் மாடு. லொபாட்சே ஊரில் இருந்த இறைச்சிக்கூடம்தான் நாட்டின் ஒரே பெரிய தொழிற்சாலை. அறுபதுகளின் வறட்சியில் மாடுகளில் மூன்றில் ஒரு பங்கு செத்தது. ஆண்களில் நிறையப் பேர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். அரசு செலவழித்த பணத்தில் ஏறக்குறைய பாதி பிரிட்டன் கொடுத்த மானியம். சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, அதன் பிடியில் இருந்த நமீபியா, ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) என்று வெள்ளைச் சிறுபான்மை ஆட்சிகள். இந்த நாடு தாக்குப்பிடிக்கும் என்று அன்று வெளியில் நம்பியவர்கள் குறைவு.

வைரத்தை மட்டும் அதற்கு முன்பே தேடிக்கொண்டிருந்தார்கள். 1955-ல் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனத்தின் குழு தேடத் தொடங்கியது. ஐம்பதுகளில் மொட்லௌட்சே ஆற்றுப் படுகையில் சில சிறு வைரங்கள் கிடைத்தன. அவை எங்கிருந்து அடித்துவரப்பட்டன என்பது பிடிபடவில்லை. நிலம் மேலெழும்பியதால் அந்த ஆற்றின் தலைப்பகுதி எப்போதோ துண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று குழுவின் நிலவியலாளர் கணித்தார். அப்படியென்றால் மூலம் இன்னும் மேற்கே இருக்கவேண்டும். மேற்கே போனார்கள். 1967-ல் ஒராபா கிடைத்தது. எரிமலைக் குழம்பு குழாய்போல மேலெழுந்து இறுகி, வைரத்தைத் தாங்கி நிற்கும் பாறை அது. அப்படிப்பட்ட குழாய்ப்பாறைகளில் பரப்பளவில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று.

முதல் முடிவு: நிலத்தடியில் இருப்பது யாருடையது?

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையமே இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்த நாட்டில் நிலம் பழங்குடி இனக்குழுக்களுடையது. கனிம உரிமையும் அவர்களுடையதாகவே இருந்தது. பமாங்வாட்டோ குழு 1959-லேயே தன் நிலத்தில் செம்பு தேட ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஒராபாவும் அதே குழுவின் நிலப்பரப்பில்தான். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் பிறந்ததும் அந்தக் குழுவின் அரச வம்சத்தில். பட்டத்தைத் துறந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். பழைய வழக்கத்தையே விட்டிருந்தால் வைரக் காசு முழுக்க அவருடைய சொந்த சனத்துக்கே போயிருக்கும்.

1967-ல் வந்த சட்டம், கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து எடுத்து அரசிடம் சேர்த்தது. ஆளுங்கட்சி 1965 தேர்தலிலேயே இதை வாக்குறுதியாகச் சொல்லியிருந்தது. அதாவது எங்கே எவ்வளவு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாத நேரத்திலேயே சொல்லிவிட்டார்கள். குழுத் தலைவர்களிடம் பேசி ஒப்புதல் வாங்கியது அந்த வாக்குறுதியை வைத்துத்தான். 'க்கோட்லா' என்ற ஊர்ச்சபையில் எல்லோர் முன்னிலையிலும் விஷயத்தைப் போட்டுப் பேசும் வழக்கம் அவர்களிடம் உண்டு. மரத்தடியிலோ குச்சி வேலி போட்ட வளாகத்திலோ உட்கார்ந்து நாள் கணக்கில் பேசுவார்கள். அப்படிப் பேசிப் பழகிய சமூகம் என்பதும் இங்கே கைகொடுத்தது.

வைரம் கைக்கு வந்த பிறகு 'பங்கு கொடு' என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா? மற்ற நாடுகளின் அனுபவத்தைப் பார்த்தால், வட்டாரச் சண்டையில்தான் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு: பேரத்தை மறுபடி திறப்பது

1969-ல் டி பியர்ஸோடு கூட்டாகத் தொடங்கிய சுரங்க நிறுவனத்தில் அரசின் பங்கு வெறும் 15 சதவீதம். ஒராபாவில் 1971-ல் உற்பத்தி தொடங்கியது. கணக்கு கைக்கு வந்ததும், எவ்வளவு லாபகரமான சுரங்கம் இது என்பது அரசுக்குப் புரிந்தது. சரி, போட்ட ஒப்பந்தம் போட்டதுதான் என்று விட்டுவிடவில்லை. அடுத்தடுத்த சுரங்கங்களுக்கு உரிமம் கேட்டு நிறுவனம் வந்தபோது பழைய ஒப்பந்தத்தையும் சேர்த்து மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சொந்த அதிகாரிகள் கொஞ்சப் பேர்தான். அவர்களுக்குத் துணையாக வெளியிலிருந்து நல்ல வழக்கறிஞர்களையும் கணக்காளர்களையும் அமர்த்திக்கொண்டார்கள். 1975-ல் பங்கு 50 சதவீதமானது. வரி, உரிமக் கட்டணம், பங்காதாயம் எல்லாம் சேர்த்தால் லாபத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அரசுக்கு வருகிறது.

நிறுவனத்தை நாட்டுடைமையாக்கு என்ற குரல் அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கா முழுக்கக் கேட்டது. சாம்பியா தன் செம்புச் சுரங்கங்களில் அதைச் செய்தது. போட்ஸ்வானா செய்யவில்லை. தொழில்நுட்பமும் உலகச் சந்தையும் நிறுவனத்தின் கையில் இருந்தன. நிலம் அரசின் கையில் இருந்தது. இரண்டும் இல்லாமல் காசு வராது என்பதை ஒப்புக்கொண்டு பேரம் பேசினார்கள்.

1976-ல் தென்னாப்பிரிக்க ராண்டை விட்டுச் சொந்த நாணயம் அச்சிட்டார்கள். அதன் பெயர் 'புலா'. அவர்கள் மொழியில் மழை என்று பொருள். கூட்டங்களில் வாழ்த்தாகக் கத்துவதும் இதே சொல்தான்.

கரையான் புற்றும் ஜ்வானெங்கும்

ஒராபா பெரியது. ஆனால் நாட்டை மாற்றியது எழுபதுகளின் தொடக்கத்தில் தெற்கே கண்டுபிடித்த ஜ்வானெங். மதிப்புக் கணக்கில் அது உலகின் பணக்கார வைரச் சுரங்கம். அங்கே பாறை, பல பத்து மீட்டர் மணலுக்கு அடியில் புதைந்து கிடந்தது. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கரையான்கள் ஈரம் தேடி ஆழத்துக்குப் போய், அடிமண்ணை மேலே கொண்டுவந்து புற்று கட்டுகின்றன. அந்த மண்ணோடு, வைரம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கறுத்த இல்மனைட் மணிகளும் மேலே வந்துவிடுகின்றன. தேடல் குழுவினர் மணலைச் சலித்துப் பார்த்தது அந்த மணிகளுக்காகத்தான். ஜ்வானெங் என்ற பெயருக்கே சிறு கற்கள் கிடக்கும் இடம் என்று பொருள்.

சுரங்கம் 1982-ல் திறந்தது. திறக்கும் நேரத்தில்தான் முதல் அடியும் விழுந்தது.

மூன்றாவது முடிவு: 1981-ல் கற்ற பாடம்

1981-82-ல் உலக வைரச் சந்தை சரிந்தது. சில மாதங்களுக்குப் போட்ஸ்வானாவால் ஒரு கல்லைக்கூட விற்க முடியவில்லை. அரசு சம்பளத்தை உறையவைத்தது, செலவைக் குறைத்தது, நாணய மதிப்பை இறக்கியது. மறு ஆண்டே சந்தை தேறியது. தேறியதும் பழையபடி செலவில் இறங்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. கல் விற்காத காலத்துக்கென்று காசைத் தனியே ஒதுக்கி வைக்கவேண்டும் என்பது நிதி அமைச்சகத்தின் பழக்கமாகிவிட்டது.

திட்ட ஆவணத்தில் இல்லாத எதையும் கட்டக்கூடாது. கட்டினால் அதை நடத்த ஆகும் ஆண்டுச் செலவையும் அப்போதே கணக்கில் காட்டவேண்டும் என்று கறாராக இருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டிவிட்டு வாத்தியாருக்குச் சம்பளம் இல்லாமல் நிற்கும் நிலை அங்கே வராததற்கு இதுதான் காரணம். மிச்சம் பிடித்த அந்நியச் செலாவணியை நீண்ட காலத்துக்கு வெளிநாட்டில் முதலீடு செய்ய 1994-ல் புலா நிதியம் தொடங்கினார்கள். அப்புறம் தொண்ணூறுகளில் இன்னொரு விதியும் சேர்ந்தது: அன்றாடச் செலவைக் கனிமம் அல்லாத வருமானத்திலிருந்து மட்டுமே செய்யவேண்டும், கனிம வருமானம் முதலீட்டுக்கு மட்டும். கல்வி, மருத்துவச் செலவுகளும் முதலீடாகவே கணக்கில் வந்தன. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

என்ன விளைந்தது

1966-லிருந்து நூற்றாண்டு முடியும் வரை உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் இது ஒன்று. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். 12 கிலோமீட்டர் சாலை பல ஆயிரம் கிலோமீட்டர் ஆனது. தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை 1980-ல் நீக்கினார்கள். தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன.

எச்ஐவி வந்தபோது நாடு அழிந்தே போகும் என்ற பயம் இருந்தது. 2000 வாக்கில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தொற்று. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக, 2002-ல் அரசே எல்லோருக்கும் இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது இப்போது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே. சேமித்த காசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இழப்பும் உண்டு. மத்திய கலஹாரி காப்பகத்தில் காலங்காலமாக வாழ்ந்த சான் பழங்குடி மக்களை 1997-லும் 2002-லும் வெளியேற்றினார்கள். வைரத்துக்காக இல்லை என்றது அரசு. 2006-ல் உயர் நீதிமன்றம் வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், அந்தக் காப்பகத்துக்குள்ளேயே 2014-ல் ஒரு வைரச் சுரங்கம் திறந்தது. சில ஆண்டுகளில் மூடவும் பட்டது. க்கோட்லாவில் எல்லோரும் பேசலாம் என்ற பெருமையில் சான் மக்களுக்கு இடமில்லாமல் போனது இந்த நாட்டின் மேல் உள்ள பெரிய கறை.

வளராமல் போனவை

வைரச் சுரங்கம் காசு கொடுக்கும், வேலை கொடுக்காது. நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கைத் தரும் தொழில் அது. வேலை கொடுப்பதோ சில ஆயிரம் பேருக்கு. மீதிப்பேருக்கு அரசு வேலை, கடை, மாடு. இல்லையென்றால் ஒன்றுமில்லை. வேலையின்மை 20 சதவீதத்தைச் சுற்றியோ அதற்கு மேலோதான் பல காலமாக நிற்கிறது. வருமான ஏற்றத்தாழ்வில் உலகின் மோசமான நாடுகளில் ஒன்று.

அரசு முயலவில்லை என்று சொல்லமுடியாது. 1982 முதல் 2001 வரை புதுத் தொழில் தொடங்குவோருக்கு மானியம் கொடுத்தார்கள். மானியம் இருந்தவரை இருந்துவிட்டு, முடிந்ததும் மூடிக்கொண்டு போன நிறுவனங்கள் ஏராளம். தொண்ணூறுகளில் ஹூண்டாய் கார்களைப் பூட்டும் ஆலை வந்தது. தென்னாப்பிரிக்காவுக்குக் கார் ஏற்றுமதி ஆனது. நடத்திய குழுமம் நொடித்துப்போக, 2000-ல் ஆலையும் நின்றது. சுங்கமே இல்லாமல் பொருள் வந்திறங்கும் பெரிய பக்கத்து வீட்டுக்காரரோடு சிறிய நாடு ஒன்று ஆலைத் தொழிலில் போட்டி போடுவது கடினம். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

செலெபி-பிக்வே, 2016

கிழக்கே செம்பும் நிக்கலும் எடுத்த ஊர் செலெபி-பிக்வே. 1959-ல் பமாங்வாட்டோ குழு கொடுத்தது என்றேனே, அந்த அனுமதியில் பிறந்த சுரங்கம்தான் அது. புதரும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். 2011-ல் ஏறக்குறைய 50,000 பேர் அங்கே இருந்தார்கள். குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி என்று ஊரில் பாதி சுரங்க நிறுவனத்தின் கையில். உருக்காலைப் புகைபோக்கியைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். காற்றில் எப்போதும் கந்தக நெடி.

அந்தச் சுரங்கம் ஒருபோதும் வைரம்போல லாபம் பார்க்கவில்லை. தொடக்கத்திலிருந்தே கடன். அரசு தாங்கிப் பிடித்தே வந்தது. காரணம் வேலை. வைரம் கொடுக்காத வேலையை இது கொடுத்தது. தாது குறைந்துகொண்டே வந்தபோது, வெளியிலிருந்து தாது கொண்டுவந்து உருக்கிப் பிழைக்கலாம் என்று 2014-ல் ஒரு ரஷ்ய நிறுவனத்தின் ஆப்பிரிக்கச் சொத்துகளை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் நிக்கல் விலை சரிந்தது. வாங்கக் காசில்லை, ஓட்டவும் காசில்லை.

2016 அக்டோபர் 7. அரசு சுரங்கத்தைக் கலைப்பு நடவடிக்கைக்கு, அதாவது சொத்தை விற்றுக் கடனை அடைத்து நிறுவனத்தை மூடும் நடவடிக்கைக்கு, ஒப்படைத்துவிட்டதாக அறிவித்தது. முன்னோட்டமாக எதுவுமில்லை. துணைச் சுரங்கத்தையும் சேர்த்துச் சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. காலையில் வேலைக்குப் போன ஊர் மாலையில் வேறு ஊராகிவிட்டது. சுரங்கக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள், சம்பள நாளை நம்பிக் கடை வைத்தவர்கள், பக்கத்துக் கிராமத்திலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்றவர்கள் என்று அடி வரிசையாக இறங்கியது. நகரத்தின் மாற்றுப் பொருளாதாரத்துக்கென்று ஓர் அமைப்பு 2008-லிருந்தே இருந்தது. சுரங்கம் எப்படியும் ஒருநாள் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது முடிந்த நாளில் கையில் எடுத்துக் கொடுக்க வேலை எதுவும் தயாராக இல்லை. 2022 கணக்கெடுப்பில் ஊர் சுருங்கியிருந்தது.

வைரத்துக்கு ஒருநாள் என்ன நடக்கும் என்பதைச் சின்ன அளவில் காட்டிய நிகழ்வாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். காபரோனியில் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்லின் மதிப்பு கரைந்தபோது

முதல் எச்சரிக்கை 2009-ல் வந்தது. உலக நிதி நெருக்கடியில் சுரங்கங்களைச் சில மாதம் நிறுத்தவேண்டி வந்தது. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. சேமிப்பு இருந்ததால் தாங்கினார்கள். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியிடம் 150 கோடி டாலர் கடனும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு பேரத்தில் நல்ல முன்னேற்றம்: லண்டனில் நடந்துவந்த கல் தரம்பிரிப்பும் விற்பனையும் 2013-ல் காபரோனிக்கே வந்தன. பட்டை தீட்டும் கூடங்களும் வந்தன. ஆனால் சூரத்தில் ஆகும் கூலியோடு போட்டி போடமுடியாமல் அவை திணறின.

அடுத்தது சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு போகிற விஷயம் இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம். நம் ஊர் நகைக்கடைகளிலேயே இப்போது அதற்குத் தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலை பல மடங்கு குறைவு. அமெரிக்காவில் நிச்சயதார்த்த மோதிரத்தில் அது நுழைந்தது. சீனாவில் வாங்குவது குறைந்தது. 2022-க்குப் பிறகு தோண்டி எடுத்த கல்லின் விலை இறங்கியது. 2024-ல் போட்ஸ்வானாவின் பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கியது. கோவிட் காலத்திலேயே சேமிப்பில் நிறைய எடுத்துவிட்டதால் முன்போல அதில் கைவைக்க முடியவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் 58 ஆண்டுகளாக ஆண்ட கட்சி தோற்றது. நாடாளுமன்றத்தில் அதற்குக் கிடைத்தவை வெறும் நான்கு இடங்கள். ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2025 பிப்ரவரியில் டி பியர்ஸோடு புது ஒப்பந்தம் கையெழுத்தானது. கற்களில் 30 சதவீதத்தை அரசு நிறுவனமே விற்கலாம், படிப்படியாக 50 சதவீதம் வரை. சுரங்க உரிமம் 2054 வரை. ஆண்டுக்கணக்கில் பேசிப் பெற்ற பெரிய வெற்றி. ஆனால் கையெழுத்தாகும்போது கல்லை வாங்க ஆள் குறைவு. அதே ஆண்டு ஆகஸ்டில், மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்ததால் குடியரசுத் தலைவர் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். 2002-ல் எல்லோருக்கும் இலவச மருந்து கொடுத்த அதே நாடு. அந்தச் செய்தியைப் படித்தபோது மனது கனத்தது.

எதை மாற்றியிருக்கலாம்

1967-ல் எடுத்த முடிவிலும் 1975-ல் பேசிய பேரத்திலும் மாற்ற ஒன்றும் இல்லை. புதிதாகக் கனிமம் கிடைக்கும் எந்த நாடும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, காசு வருவதற்கு முன்பே உரிமையைத் தீர்த்துவைப்பது.

மாற்றவேண்டியது அந்தச் சேமிப்பு விதியை. கல்வி, மருத்துவச் சம்பளங்களை முதலீடு என்று எழுதியதில் ஒரு நியாயம் உண்டு. படித்த பிள்ளைதான் நாளைய சொத்து. ஆனால் படித்து வந்த பிள்ளைக்கு வேலை இல்லையென்றால் அந்த முதலீடு திரும்பி வருவதில்லை. ஏட்டில் விதி மீறப்படவே இல்லை. வைரக் காசு மட்டும் ஆண்டுதோறும் அன்றாடச் செலவாகவே கரைந்தது. உண்மையில் ஒதுக்கிவைப்பது வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கவேண்டும். அதை எடுக்க நாடாளுமன்றத்தில் தனி வாக்கெடுப்பு வைத்திருக்கவேண்டும்.

இன்னொன்று, சுரங்கத்தை மூடும் திட்டம். அது சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் எழுதும் காகிதமாக இருக்கக்கூடாது. பிக்வேயில் 1973-லிருந்தே, உருக்கிய ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை நகரத்தின் பேரில் தனிக் கணக்கில் போயிருந்தால், 43 ஆண்டுகளில் ஒரு பாசனத் திட்டத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ போதுமான காசு சேர்ந்திருக்கும். சுரங்கம் நட்டத்தில் ஓடியதே என்று கேட்கலாம். நட்டத்தை அரசு எப்படியும் ஈடுகட்டிக்கொண்டுதான் இருந்தது. அதில் ஒரு பகுதியை இப்படித் திருப்பியிருக்கலாம்.

பிக்வேயின் பழைய செலெபி சுரங்கத்தை 2022-ல் ஒரு கனடா நிறுவனம் வாங்கித் துளையிட்டுப் பார்க்க இறங்கியது. மின்கலங்களுக்கு நிக்கலும் செம்பும் தேவைப்படுவதால் ஊரில் மறுபடி பேச்சு எழுந்திருக்கிறது. தாது எடுக்கும் நாள் வந்தால், அந்தத் தனிக் கணக்கு முதல் டன்னிலிருந்தே தொடங்கவேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிவிடலாம். 1967-ல் செய்ததுபோல, காசு வருவதற்கு முன்பே.